மேடையோடு போன பாட்டு

ஆதிக்கக்காரன் துப்பாக்கிக்கு அஞ்சுவதில்லை, பாட்டுக்கு அஞ்சுகிறான்! நம்ப மறுப்போர் தியாகி விசுவநாததாசின் வாழ்வைப் பார்க்கட்டும்.

1886-இல் சிவகாசியில் பிறந்தவர் அவர். பிறந்தது மருத்துவர் குலம். கத்தி பிடித்துப் பிறர் முகத்தைத் துலக்குவதே உன் தலைவிதி என்று சாதி கட்டளையிட்டது. சிறுவனோ பாட்டைப் பிடித்துக் கொண்டான். வளர்ந்து முருக வேடத்தில் மேடையேறினார். பாண்டி நாடு அவர் பாட்டைக் கேட்க விடிய விடியக் காத்திருந்தது.

ஆனால் கொடுமையைக் கேளுங்கள்! அந்தக் குலத்தவரோடு சோடி சேர்ந்து வள்ளியாக நடிக்க மாட்டோம் என்று மறுத்த நடிகைகள் இருந்தனர். கடவுள் வேடம் புனைந்தவருக்கே இந்தக் கதியென்றால், வேடமில்லாமல் வீதியில் நடந்தவர்களின் கதி என்ன?

அவர் கலங்கினாரில்லை. அந்நாளைய ஸ்பெஷல் நாடகத்தை நாம் அறிவோம். பல ஊர் நடிகர்கள் ஓரிரவு கூடுவர், நடிப்பர், பிரிவர். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் எல்லோருக்கும் மனப்பாடம். கதை மாறாது, இடையிலே எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்பது நடிகரின் உரிமை. அந்த இடைவெளியிலேதான் தாஸ் விடுதலையை நுழைத்தார். தினைப்புனத்துப் பறவைகளுக்கு நடுவே வெள்ளைக் கொக்கைப் பறக்க விட்டார். எந்தக் கொக்கு என்பது மண் தரையில் அமர்ந்திருந்த உழவனுக்கும் புரிந்தது. குறிப்பெடுக்க வந்த போலீசுக்கும் புரிந்தது! மதுரை பாஸ்கரதாசின் பாட்டுகளும் அவர் குரலேறி ஊரூராகச் சென்றன.

நாடகத்தை அடக்க வெள்ளையன் 1876-லேயே சட்டம் செய்து வைத்திருந்தான். கைது, வழக்கு, சிறை! வெளியே வந்தார், மறுபடி மேடை, மறுபடி அதே பாட்டு. 1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 54.

பாட்டு என்னாயிற்று? செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் மறைந்தார். இசைத்தட்டில் ஏறிய அவர் குரல் இன்றும் ஒலிக்கிறது. தாஸ் கொட்டகை தோறும், கூட்டத்தின் முகம் பார்த்து, கூட்டியும் குறைத்தும் பாடிய அந்த இரவுகள் எந்தத் தட்டில் ஏறும்? வெள்ளையன் தடை செய்த தமிழ் வெளியீடுகள் பல இலண்டன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எழுத்து உண்டு, குரல் ஏது?

திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் உண்டு. மகிழ்கிறோம். ஆயினும் பாடகனுக்குக் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் போதுமா?

தேவதானம், சேத்தூர், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத் தோழர்களே! உங்கள் வீட்டுப் பரணையில் பாட்டனாரின் தகரப் பெட்டி இருக்கிறதா? திறந்து பாருங்கள். காலணாப் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைக்கலாம். பழைய நாடகக்காரரின் கையெழுத்து ஏடு கிடைக்கலாம். பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் சேருங்கள். மெட்டறிந்த முதியவர் இருந்தால் இன்றே பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

வெள்ளையன் பறித்ததை ஒருநாள் மீட்கலாம். கரையானுக்கு நாமே கொடுத்ததை எவரிடம் போய்க் கேட்பது?