உளநூலறிஞர் கிரீந்திரசேகர போஸ்

மனத்தின் இயல்பை ஆராய்ந்தோர் நம் நாட்டில் எக்காலத்தும் இருந்தனர். எனினும், நோயாளியின் மருங்கிருந்து, அவன் வாய்ச்சொல்லையே கருவியாகக் கொண்டு, அவனும் அறியாத அவன் உள்ளத்தை ஆராயும் மருத்துவ முறையை இந்நாட்டில் நிலைநிறுத்தியவர் வங்காளத்து மருத்துவர் கிரீந்திரசேகர போஸ் ஆவர். வியன்னா நகரத்துப் பேரறிஞர் சிக்மண்ட் பிராய்டை மதித்து, அவரோடு நெடுநாட் கடிதப் போக்குவரத்துச் செய்து, அவரோடு மாறுபடவும் துணிந்தவர் இவர்.

போஸ் 1887-ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகரர் தர்பங்கா அரசரின் திவான். ஒன்பது மக்களுள் இவரே கடைக்குட்டி. தமையனார் இராஜசேகரர் 'பரசுராமர்' என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்க நாட்டைச் சிரிக்க வைத்தவர். 'சலந்திகா' என்னும் அகராதியைத் தொகுத்தவரும் அவரே. தம்பியார்க்கு இளமையிலேயே செப்பிடு வித்தையிலும் அறிதுயில் வித்தையிலும் ஈடுபாடு மிகுதி. 1910-இற் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று மருத்துவத் தொழிலில் இறங்கினார். மருந்துக்கு அடங்காத மனநோயாளிகள் சிலரை அறிதுயிலில் ஆழ்த்திப் பார்த்தார்; பின்னர் அதனை விடுத்து, நோயாளி தடையின்றிப் பேசுவதைக் கேட்டலையே முறையாகக் கொண்டார். கல்கத்தாப் பல்கலைக்கழகம் உளநூலுக்கெனத் தனித்துறை திறந்தபொழுது, தொழிலில் நிலைத்திருந்த இவர் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்து 1917-இல் எம்.ஏ. பட்டமும், 1921-இல் அறிவியற் பேரறிஞர் பட்டமும் பெற்றார். பின்னதற்கு இவர் எடுத்துக்கொண்ட பொருள் மன ஒடுக்கம் என்பது.

ஒடுக்கம் என்பது யாதெனின், நாணமோ அச்சமோ பற்றி ஏற்க மறுத்த விருப்பத்தை, நாம் அறியாமலே நனவினின்றும் தள்ளிவிடுதல். தள்ளப்பட்டது அழிவதில்லை, நனவிலி மனத்திலே தங்கிக் கனவாகவும், வாய்த்தவறாகவும், காரணந் தெரியாத அச்சமாகவும், உடல்நோயாகவும் வேற்றுருக் கொண்டு வெளிப்படும் என்பது பிராய்டின் கொள்கை. வடசென்னை வாழ்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலினுட் கற்சுவர்கள் எழுப்பப்பட்டன. தெற்கிலிருந்து கரையோரமாய் வடக்கு நோக்கி வரும் மணல் அவற்றால் தடைப்பட்டது. தென்பால் மணல் குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது; மணல்வரத்து நின்ற வடபாலோ, இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் கரையை அரித்துத் தின்றது. சுவர் நின்ற இடம் ஒன்று. குடிசை விழுந்த இடம் மற்றொன்று. காரணம் அறியாதார் தம் தெருக்கோடியிலுள்ள அலையையே நோவர். நோயாளியும் தன் நோயின் சுவர் வேறிடத்தில் நிற்பதனை அறியான். (மணலுக்கு மனமில்லையாதலின் உவமை முற்றும் பொருந்தாது, ஆயினும் ஓரளவு உதவும்.)

தம் நூலைப் போஸ் பிராய்டுக்கு அனுப்ப, 1921-இல் விடை வந்தது. அத்துணைத் தொலைவிலுள்ள நாட்டில் தம் கலைக்கு இத்தகைய ஆராய்ச்சியாளர் இருப்பதைக் கண்டு அம்முதியவர் வியந்தார். மறுவருடம், 1922-இல், கல்கத்தாவில் பார்சிபாகான் சந்து 14-ஆம் எண்ணுள்ள போஸின் இல்லத்தில் இந்திய உளப்பகுப்புச் சங்கம் பதினைந்து உறுப்பினருடன் தோன்றியது. பார்சிகளின் தோட்டம் என்பதே அச்சந்தின் பெயர்ப்பொருள். 1910-இல் எழுந்த பார்சித் தீக்கோயிலைத் தன்னகத்துடைய நம் இராயபுரத்தார்க்கு இப்பெயர் அயலாகத் தோன்றாது.

போஸின் நண்பரான ஓவியர் ஜதீந்திரகுமார் சென், பிராய்டை நேரிலேனும் நிழற்படத்திலேனும் காணாமல் அவர் உருவைக் கற்பனையால் வரைந்தார். அது வியன்னாவுக்கு அனுப்பப்பட்டது. தம்மை முழு ஆங்கிலேயராகவே ஆக்கிவிட்டனர் என்று பிராய்டு நகைத்தனராம். காணாத ஒருவரை நாம் கண்டவர்களின் சாயலிலேயே கற்பிக்கின்றோம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. 1931-இல், பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு, அநந்தன்மேல் வீற்றிருக்கும் திருமாலின் தந்தச்சிலை ஒன்றைச் சங்கத்தார் அனுப்பினர். அதனை அவர் தம் எழுதுமேசைமேல் வைத்துக்கொண்டார். சின்னாளில் தந்தத்தில் வெடிப்புக் காணவே, கல்கத்தாவிற் பழகிய தெய்வத்துக்கு வியன்னாவின் தட்பவெப்பம் ஒவ்வவில்லையோ என்று ஐயுற்றார். இவ்விருவரும் ஒருநாளும் நேரிற் சந்தித்திலர்.

இனிப் போஸின் தனிக்கொள்கைக்கு வருவோம். ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிரான விருப்பம் ஒன்று உடன்தோன்றும். ஒன்று நனவில் நிற்க, மற்றொன்று நனவிலியில் மறையும் என்பது அவர் துணிபு. பள்ளியிற் பிரம்படி பட்ட சிறுவன், மாலையில் வீட்டுத் திண்ணைத் தூண்களை மாணாக்கராக நிறுத்தி, குச்சியால் அடித்து விளையாடுதலைத் தெருத்தோறும் காணலாம். பட்டவன் படுத்துவோனாகின்றான். அடிக்க விழைவோன் உள்ளத்திலும் அடிபடும் விழைவு ஒளிந்திருக்கும் என்பர் போஸ். நோயாளியை இவ்விரு நிலைகளிலும் மாறிமாறித் தன்னை வைத்துப் பார்க்கச் செய்தலே அவர் மருத்துவ முறை; ஏற்றப்பலகை ஏறி இறங்குவதுபோல இரண்டும் ஒத்த நிலைக்கு வருமளவும் அது நடைபெறும்.

1929-இல் தம் கட்டுரைகள் பதின்மூன்றைப் பிராய்டுக்கு அனுப்பியபொழுது மாறுபாடு வெளிப்பட்டது. தந்தையால் ஆண்மை இழக்க நேரும் என்னும் அச்சமே ஆண்மகவின் மனத்தை உருவாக்குகின்றது என்றார் பிராய்டு. தம்மிடம் வந்த இந்திய ஆடவரிடம் அவ்வச்சம் அத்துணை வலிவுடன் காணப்படவில்லை என்றும், பெண்ணாதல் வேண்டும் என்னும் மறை விருப்பமே எளிதில் வெளிவருகின்றது என்றும் போஸ் எழுதினார். தமிழ் பயில்வோர்க்கு இது புதுமையன்று. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடியதை நாம் நோயென்று கருதுவதில்லை. அன்பின் உச்சநிலை என்றே போற்றுகின்றோம். போஸ் கண்ட வேறுபாட்டைப் பிராய்டு மறுத்திலர். ஆனால் எதிர்விருப்பக் கொள்கை வடிவை மட்டும் கூறி, உள்ளத்தை உந்தும் ஆற்றலை விட்டுவிடுகின்றது என்று தடை நிகழ்த்தினார். அத்தடை ஓரளவு வலியுடையதென்றே எமக்குத் தோன்றுகின்றது. ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்பதற்குப் போஸ் தெளிவான விடை தந்திலர்.

எமக்கு வேறோர் ஐயமும் உண்டு. போஸிடம் வந்தோர் பெரும்பாலும் கல்கத்தாவின் கற்ற குடும்பத்து ஆடவர். அவர் உள்ளத்திற் கண்டதைக் கொண்டு இந்தியர் அனைவரையும் அளத்தல் பொருந்துமோ? வலை இழுப்போனும், கப்பற் சுமை இறக்குவோனும், எண்ணூர் உப்பளத்திற் காலூன்றி நிற்பவளும் மணிக்கணக்கிற் பேசக் கேட்போர் யார்? வியன்னாவின் அளவுகோல் கல்கத்தாவுக்கு ஒவ்வாதெனின், கல்கத்தாவின் கோல் காசிமேட்டுக்கு ஒவ்வும் என்பதற்கு உறுதி யாது?

இக்குறை போஸின் கருத்துக்கும் எட்டியிருத்தல் வேண்டும். 1933-இல் கல்கத்தாக் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநோய்க்கெனப் புறநோயாளர் பகுதி ஒன்றை அவர் தொடங்கினார்; பொது மருத்துவமனையில் இத்தகைய பகுதி அமைந்தது இந்தியாவில் அதுவே முதன்முறை. 1940-இற் சங்கத்தின் சார்பில் லும்பினிப் பூங்கா மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. நிலம் வழங்கியவர் தமையனார் இராஜசேகரர். தொடக்கத்தில் இருந்த படுக்கைகள் மூன்றே. 1947-இற் 'சமீட்சா' என்னும் ஆராய்ச்சி இதழும் வெளிவந்தது.

பகலில் மருத்துவமும் கல்லூரியுமாக உழைத்த இவர், புராணங்களின் காலவரையறை பற்றியும், கனவு பற்றியும் வங்கமொழியில் நூல்கள் எழுதினார். செவ்வெறும்பும் கட்டெறும்பும் போர் செய்யும் கதையொன்றைச் சிறுவர்க்காக இயற்றினார். 1953-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் காலமாகும்வரை சங்கத்தின் தலைவர் பொறுப்பை அவர் விட்டிலர். பிராய்டோ 1938-இல் நாடிழந்து இலண்டன் சென்றபொழுது தம் மேசைப்பொருள்களையும் உடன்கொண்டு சென்றார். அவ்வில்லம் பின்னர்க் காட்சிச்சாலையாயிற்று. வெடித்த தந்தத்துத் திருமாலும் அங்குளர்.