கடலடியில் ஒளி தேடிய லூயி பூத்தான்

பூத்தான் என்னும் பெயரைக் கரும்பலகையில் எழுதினால் என் மாணாக்கர் அதனை இறந்தகால வினைமுற்று என்று உடனே பகுத்துவிடுவர். யான் ஈண்டுக் கூறவந்த பூத்தானோ பிரான்சு நாட்டு விலங்கியற் பேராசிரியர். 1859ஆம் ஆண்டிற் பிறந்து 1934இல் அல்ஜீரியாவில் மறைந்தவர். கடலடிப் படக்கலையின் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரைக் கூறாது அப்பாற் செல்லார்.

1880இல் மெல்பேண் நகரத்துப் பெருங்கண்காட்சியின் பொருட்டு அவுஸ்திரேலியா சென்ற அவர், பின்னர் தாயகம் மீண்டு ஆசிரியத் தொழில் பூண்டார். 1893இல் பன்யூல்ஸ் என்னுங் கரையோர ஊர்க்கு வந்தார். பிரனீஸ் மலை மத்தியதரைக் கடலில் இறங்குமிடத்தில் உள்ளது அவ்வூர். அங்கே பேரறிஞர் லக்காஸ் துத்தியே நிறுவிய ஆராய்ச்சிக்கூடம் இருந்தது.

செப்புத் தலைக்கவசமும் ஈய அடியிட்ட பாதணியும் பூண்டு, படகிலிருந்து குழாய்வழி வருங் காற்றை உயிர்த்துக்கொண்டு, பூத்தான் கடலுள் இறங்கினார். பாறையும் சாதாழைப் படுகையும் அவற்றினூடு திரியும் மீன்களும் அவரைக் கவர்ந்தன. ஆயின், கரையேறியபின் கண்டதைச் சொல்லப் புகுந்தால் சொல் தெளிவாக அமையவில்லை. அக்குறையே அவரைப் படப்பெட்டியிடம் செலுத்தியது.

நீருள் முதற்படம் எடுத்தவர் இவரல்லர். 1856இலேயே இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில் வில்லியம் தொம்சன் என்பார் படப்பெட்டியைக் கயிற்றில் இறக்கி, மங்கலான படமொன்றைப் பெற்றார். அவர் படகிலேயே இருந்தார். பூத்தான் பெட்டியோடு தாமும் இறங்கினார். என் மதிப்பில் இவ்வேறுபாடு சிறிதன்று.

பொறியியலாளரான தமையன்தம்பி உறவினர் ஒகுஸ்து நீர்புகாச் செப்புப்பெட்டி சமைத்துக் கொடுத்தார். அதனொடு காற்றடைத்த இறப்பர்ப்பை ஒன்று இணைந்திருந்தது. ஆழத்தில் நீர் பையை அமுக்க, பையின் காற்று பெட்டியுட் புகுந்து உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்தோடு சமனாக்கும். எளிய சூழ்ச்சி, எனினும் எத்துணை நுட்பம்!

வெளிச்சந்தான் வழிமறித்தது. தொடக்கத்திற் சில படங்களுக்கு அரைமணி நேரம் கண்ணாடித் தகட்டை ஒளிக்குத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. பாறை பொறுத்திருக்கும், மீன் பொறுத்திருக்குமோ? மின்பொறியியலாளர் ஒருவர் ஒட்சிசன் நிரப்பிய கண்ணாடிக் குமிழுள் மகனீசியம் எரியும் விளக்கைச் செய்தார். அது வெப்பந் தாங்காது வெடிப்பதும் உண்டு. பின்னர்ப் பெரிய பீப்பாயொன்றில் ஒட்சிசன் மிகுந்த காற்றை அடைத்து, அதன்மேற் கண்ணாடி மூடியினுள் மதுசார விளக்கை ஏற்றி, பாரங்கட்டிக் கடலுள் இறக்கினர். இறப்பர்க் குமிழை அமுக்கினால் மகனீசியத் தூள் சுடர்மீது பாயும்; நீரடியில் மின்னல் வெட்டும். நீருக்குள்ளே நெருப்பு என்றால் நம் புலவர் முரணணி என்பர். பூத்தான் அதனைப் பீப்பாயில் அடைத்தே காட்டினார்.

1899இல் மின்வில் விளக்குகளைத் துணைகொண்டு, ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்துக்குப் படப்பெட்டியை இறக்கி, மேலிருந்தே மின்னால் இயக்கினார். அடுத்த ஆண்டு தம் பட்டறிவு முழுவதையும் நூலாக்கினார்.

அதன்பின் இந்தோசீனப் பயணம், போர்தோ நகரிற் பேராசிரியப் பதவி, கிப்பன் குரங்கின் ஒலிகளைப் பற்றிய ஆய்வு என அவர் நாட்டம் பல வழிச் சென்றது. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை அறிந்த நம்மவர்க்கு அவரது முத்தாராய்ச்சி தனிச்சுவை தரும். வளர்ப்பு முத்தும் மெய்யான முத்தே என்று, வணிகர் பலர் முகஞ்சுளித்த காலத்தில் அவர் வாதிட்டார். 1925இல் முத்தைப்பற்றி நூலொன்றும் வெளியிட்டார்.

அவர் எடுத்தவற்றுள் யான் மீண்டும் மீண்டும் நோக்குவது 1899ஆம் ஆண்டுப் படமொன்று. அந்தாட்டிக்குப் பயணத்திலிருந்து அவ்வாண்டு மீண்ட உருமேனிய அறிஞர் எமில் இராக்கொவித்சா சுழியோடும் உடையோடு கடலடியில் நிற்கின்றார். கையில் ஒரு பலகை, அதில் எழுத்துக்கள். முகங் காட்டாத கவசத்தின் முன்னே அவ்வெழுத்துக்களை இன்றும் வாசிக்கலாம்.