மதுரையின் முதல் பேராயர், பர்மிங்ஹாமின் போதகர்: லெஸ்லி நியூபிகின்

மேற்கிலிருந்து கிழக்கே வந்து சமயப் பணி செய்தவர்கள் பலர். அப்படி வந்து, தமிழ் கற்று, தமிழ் மக்களோடு பல்லாண்டு வாழ்ந்துவிட்டு, முதுமையில் தாய்நாடு திரும்பி, உண்மையான பணிக்களம் இதுதான் என்று சொன்னவர் பேராயர் லெஸ்லி நியூபிகின்.

அவர் 1909ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்தபோது அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது, தெற்கு வேல்ஸில் வேலையிழந்து தவித்த சுரங்கத் தொழிலாளர்களிடையே தொண்டு செய்யச் சென்றார். அவர்களின் துயரத்துக்கு விடை தெரியாமல் கலங்கிய ஓர் இரவில், வானுக்கும் மண்ணுக்கும் இடையே சிலுவை நிற்பதை அகக்கண்ணால் கண்டார். அவரது வாழ்க்கை திசை மாறியது.

1936ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்துத் திருச்சபையின் சார்பில் மனைவி ஹெலனுடன் சென்னைக்குக் கப்பலேறினார். வந்த சில மாதங்களிலேயே பேருந்து விபத்தில் கால் முறிந்து ஊர் திரும்ப நேர்ந்தது. ஆனாலும் 1939இல் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் பணியைத் தொடர்ந்தார்.

காஞ்சியில் கற்ற பாடம்

அங்கே வாரத்தில் ஒரு மாலை ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளுடன் தரையில் அமர்ந்து, உபநிடதங்களையும் நற்செய்தி நூல்களையும் சேர்ந்து படிப்பது அவர் வழக்கம். மடத்தின் பெரிய கூடத்தில் உலகச் சமய ஆசான்களின் படங்களுக்கிடையே ஏசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் அதற்கு வழிபாடும் நடந்தது. ஏசுவை இந்து சமயச் சிந்தனைக்குள் அடக்கிவிட்டார்கள் என்றுதான் இளம் நியூபிகின் முதலில் எண்ணினார். தன் நாட்டவரும் ஏசுவை மேற்கத்தியச் சிந்தனைக்குள் அப்படியே அடக்கிவைத்திருப்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி, பல்வேறு சபைகள் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 37 வயதில் அவர் மதுரை-ராமநாதபுரம் பேராயரானார். பின்னர் உலகத் திருச்சபைகளின் ஒற்றுமைப் பணிக்காக ஜெனீவாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராகப் பணியாற்றினார்.

நம்பிக்கை வற்றிய நாடு

ஓய்வு பெற்றதும், 64 வயதில், இரண்டு பெட்டிகளும் ஒரு முதுகுப் பையுமாக, கணவனும் மனைவியும் உள்ளூர்ப் பேருந்துகளில் ஏறி இறங்கி இங்கிலாந்து சென்று சேர்ந்தனர். வசதியான அந்த நாட்டில் அவரை வருத்தியது ஒன்றுதான். சென்னையின் குடிசைப் பகுதிகளில்கூட, நாளை நன்றாக இருக்கும் என்ற எண்ணம் உயிரோடு இருந்தது. இங்கிலாந்தில் அது வற்றிப்போயிருந்தது.

பர்மிங்ஹாமில் ஒரு சிறைச்சாலைக்கு எதிரே, வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில் ஒரு சிறிய சபை இருந்தது. எழுபது வயதை எட்டிய முன்னாள் பேராயர் அதன் போதகரானார். வீடு வீடாகச் சென்றபோது ஆசியக் குடும்பங்கள் அன்போடு வரவேற்றன. கதவை அடைத்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்களே. தமிழ்நாட்டில் சந்தித்த எதிர்ப்பைவிட இந்த அலட்சியம் கடினமாக இருந்ததாக அவர் உணர்ந்தார்.

அந்த அனுபவம் நூல்களாக வெளிவந்தது. அவற்றுள் 1989இல் வெளியான, பன்மைச் சமுதாயத்தில் நற்செய்தி பற்றிய நூல் புகழ்பெற்றது. அறிவியல் எல்லாருக்கும் பொதுவான உண்மை, சமயமோ அவரவர் சொந்த விருப்பம் என்று மேற்குலகம் பிரித்துவைத்ததை அவர் கேள்விக்குள்ளாக்கினார். அறிவியலாளரும் ஏதோ ஒன்றை நம்பித்தான் ஆய்வைத் தொடங்குகிறார் என்பது அவர் வாதம். அதற்காகத் திருச்சபைக்குப் பழைய அதிகாரம் திரும்ப வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நற்செய்தியை நம்பி, அதன்படி வாழும் ஒரு சபையே அதற்குச் சிறந்த விளக்கம் என்றார்.

1998 ஜனவரி 30ஆம் தேதி லண்டனில் அவர் காலமானார். மேற்கத்தியப் பண்பாட்டில் கிறிஸ்துவப் பணியைப் பற்றிப் பேசும் இறையியல் கல்லூரிகளில் இன்றும் அவர் நூல்கள் படிக்கப்படுகின்றன. தன் பண்பாட்டை வெளியிலிருந்து பார்க்கும் கண்ணை அவருக்குத் தந்தது காஞ்சிபுரம்.