நிலவைக் கையால் செய்தவர்

பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில் லூயி மெலியேஸ் என்பவர் காலணித் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். தொழில் செழித்தது, செல்வமும் சேர்ந்தது. அவருக்கு மூன்று ஆண் பிள்ளைகள். கடைக்குட்டியான ஜார்ஜ் மெலியேஸ் 1861ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் பிறந்தார். வகுப்பில் பாடம் நடக்கும்போதே குறிப்பேட்டில் படம் வரைவது அவர் வழக்கம். ஆசிரியர்களின் முகங்களும் அவர் கைக்குத் தப்பவில்லை. பத்து வயதிலேயே அட்டைகளை வெட்டி ஒட்டிப் பொம்மலாட்ட மேடை அமைத்து விளையாடினார். வளர்ந்ததும் ஓவியம் படிக்க விரும்பினார். தந்தை அதற்கு இணங்கவில்லை. ஓவியம் சோறு போடாது, காலணிதான் சோறு போடும் என்பது அவருடைய எண்ணம்.

1884ஆம் ஆண்டு, ஆங்கிலம் பழகி வருவதற்காக ஜார்ஜ் இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் மொழியைவிட மாயவித்தையையே அதிகம் கற்றார் எனலாம். எகிப்திய மண்டபம் என்ற அரங்கில் மாஸ்கலின் என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரர் நிகழ்ச்சிகள் நடத்தி வந்தார். ஜார்ஜ் அங்கே அடிக்கடி போனார். மேடையில் பேசப்பட்ட ஆங்கிலம் முழுமையாகப் புரியாவிட்டாலும், கண்ணெதிரே ஒருவர் மறைவதைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை.

ஊர் திரும்பியதும் தந்தையின் தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. விரும்பி ஏற்ற வேலை இல்லை என்றாலும் அது வீண்போகவில்லை. பற்சக்கரங்களைக் கழற்றிப் பூட்டவும், பழுதைக் கண்டறிந்து தம் கையாலேயே சரிசெய்யவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். 1888ஆம் ஆண்டு தந்தை ஓய்வு பெற்றபோது, தொழிற்சாலையில் தமக்குரிய பங்கை அண்ணன்மார்களுக்கு விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு ரொபேர் ஊதான் அரங்கை வாங்கினார். ஊதான், பிரான்சின் தலைசிறந்த மாயவித்தைக்காரராக விளங்கி மறைந்தவர். அவர் பெயரைத் தாங்கிய அந்தச் சிறிய அரங்கு இப்போது மெலியேஸின் கைக்கு வந்தது. வித்தைகளை உருவாக்குவது, மேடைத் திரைகளுக்கு வண்ணம் தீட்டுவது, உடைகளை வடிவமைப்பது, மேடையேறி நடிப்பது என எல்லாவற்றையும் அவரே செய்தார்.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசில் ஒரு புதுமை நடந்தது. லூயி, ஒகுஸ்த் என்ற லூமியேர் சகோதரர்கள் தாங்கள் உருவாக்கிய கருவியைக் கொண்டு, கட்டணம் செலுத்தி வந்த பொதுமக்களுக்கு அசையும் படங்களை முதன்முதலாகத் திரையிட்டுக் காட்டினார்கள். அந்தக் காட்சிக்கு அழைக்கப்பட்டவர்களில் மெலியேசும் ஒருவர். அசையாத ஒரு தெருப்படம் சட்டென்று உயிர்பெற்று, குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கியதைக் கண்டு வியந்தார். காட்சி முடிந்ததும் அந்தக் கருவியை 10,000 பிராங்குக்கு விலை கேட்டார். சகோதரர்களின் தந்தை அந்துவான் லூமியேர் விற்க மறுத்துவிட்டார்.

மெலியேஸ் சோர்ந்துவிடவில்லை. இலண்டனில் இராபர்ட் பால் என்பவர் செய்து விற்ற படம் காட்டும் கருவி ஒன்றை வாங்கினார். அதைப் பிரித்து, உள்ளமைப்பை ஆராய்ந்து, படம் பிடிக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார். தொழிற்சாலையில் கற்ற கைத்திறன் இங்கே துணை நின்றது. 1896ஆம் ஆண்டிலேயே அவர் படங்கள் எடுக்கத் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தின் பெயர் ஸ்டார் ஃபிலிம்.

பாரிசின் ஓபரா சதுக்கத்தில் ஒருநாள் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கருவி சிக்கிக்கொண்டது. சிக்கலை எடுத்துவிட்டு மறுபடியும் சுழற்றினார். பின்னர்ப் போட்டுப் பார்த்தால், திரையில் ஓடிக்கொண்டிருந்த பயணிகள் வண்டி திடீரெனச் சவ வண்டியாக மாறியது! கருவி நின்றிருந்த நேரத்தில் ஒரு வண்டி போய், அதே இடத்துக்கு வேறொரு வண்டி வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த நிகழ்ச்சியை மெலியேசே பின்னாளில் நினைவுகூர்ந்து எழுதினார். வித்தைக்காரர்கள் கதையைச் சற்று மெருகூட்டிச் சொல்வது உண்டு என்பதால் ஆய்வாளர்கள் சிலர் இதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1895ஆம் ஆண்டிலேயே ஒரு படத்தில் இந்த உத்தி பயன்பட்டிருக்கிறது. ஆனாலும், அதை ஒரு கலையாகவே வளர்த்தவர் மெலியேஸ் என்பதில் ஐயமில்லை. நடிகர்கள் அசையாமல் நிற்க வேண்டும். கருவியை நிறுத்திப் பொருளை மாற்ற வேண்டும். மீண்டும் சுழற்ற வேண்டும். அதன் பிறகு படச்சுருளைக் கத்தரித்து ஒட்டி, மாற்றம் நிகழும் நொடியைத் துல்லியமாக்க வேண்டும்.

1897ஆம் ஆண்டு, பாரிசை அடுத்த மோந்த்ரோய் என்ற ஊரில் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் படப்பிடிப்புக் கூடம் ஒன்றைக் கட்டினார். அதன் சுவர்களும் கூரையும் கண்ணாடியால் ஆனவை. அக்காலப் படச்சுருளுக்குச் சூரிய ஒளி நிறைய வேண்டும். அந்தச் சுருளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. சிவப்பு நிறம் அதில் கறுப்பாகப் பதியும், நீலம் வெள்ளையாகிவிடும். ஆகவே, மரத்தாலும் துணியாலும் ஆன பின்னணிகள் அனைத்துக்கும் சாம்பல் நிறத்தின் பல சாயல்களையே தீட்டினார்கள். அந்தக் கூடத்தில் மலை, கடல், அரண்மனை, கோள்கள் என யாவும் சாம்பல் நிறமாகவே நின்றன. ஓவியராக வேண்டும் என்ற பழைய ஆசை அங்கே ஒருவாறு நிறைவேறியது.

மெலியேஸின் படங்களில் ஒருவரே பலராகத் தோன்றுவார். 1900ஆம் ஆண்டில் வந்த ஒரு படத்தில் இசைக்குழுவினர் ஏழு பேர் வரிசையாக அமர்ந்து வாசிக்கிறார்கள். ஏழு பேரும் மெலியேசே! கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு தோற்றத்தைப் பதிவுசெய்து, சுருளைக் கருவிக்குள்ளேயே பின்னுக்குச் சுற்றி, அடுத்த தோற்றத்தை அதே சுருளில் பதிவுசெய்தார். எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டே நடிக்க வேண்டும். கடைசிச் சுற்றில் ஒரு பிழை நேர்ந்தாலும் முன்பு செய்தவை அனைத்தும் பாழாகிவிடும். 1901ஆம் ஆண்டில் எடுத்த மற்றொரு படத்தில், அவருடைய தலை ஊதுலையால் காற்றடைக்கப்பட்டுப் பலூனைப்போல் பெருக்கிறது. படக்கருவி இருந்த இடத்திலேயே இருந்தது. நாற்காலியில் அமர்ந்திருந்த மெலியேசை, சக்கரம் வைத்த மேடையோடு ஒரு சரிவுப் பாதையில் கருவியை நோக்கி இழுத்தார்கள். அருகில் வரவரத் தலை பெரிதாகத் தெரிந்தது. சரிவு இல்லையென்றால் தலை மேசைமீது இருப்பதுபோல் தோன்றாது. இத்தகைய சின்னஞ்சிறு கணக்குகளில்தான் அவருடைய திறமை அடங்கியிருந்தது.

1902ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நிலவுக்குப் பயணம்’ அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. அறிஞர்கள் சிலர் பெரிய பீரங்கிக் குண்டுக்குள் ஏறி நிலவுக்குப் போகிறார்கள். குண்டு நிலவின் கண்ணிலேயே போய்க் குத்துகிறது. அங்கே வாழும் விந்தை மனிதர்களைக் குடையால் அடித்தால் புகையாகிவிடுகிறார்கள். அறிஞர்களின் தலைவராக நடித்தவரும் மெலியேசே. ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் இப்படத்தை உருவாக்க மூன்று மாதங்கள் ஆயின. 10,000 பிராங்கு செலவானது. அவர் லூமியேர் கருவிக்குக் கொடுக்க முன்வந்ததும் இதே தொகைதான்.

வண்ணப் படம் கேட்டவர்களுக்கு வண்ணமும் கொடுத்தார். அந்த வேலையை எலிசபெத் துய்லியே என்ற பெண்மணியின் பட்டறை செய்தது. அங்கே சுமார் 200 பெண்கள் பணியாற்றினர். ஒவ்வொருவருக்கும் ஒரே நிறம். ஒருத்தி சிவப்பைத் தீட்டி முடித்ததும் சுருள் அடுத்தவரிடம் போகும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நொடிக்கு ஏறக்குறைய 16 படங்கள் என்றால், 14 நிமிடத்துக்கு 13,000க்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றும் தபால்தலை அளவே இருக்கும். அத்தனைக்கும் மெல்லிய தூரிகையால் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். அடுத்த படிக்கும் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். துய்லியேயின் பெயர் தெரிகிறது; அந்தப் பெண்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை.

புகழ் வந்த வேகத்தில் பணம் வரவில்லை. அமெரிக்காவில் ‘நிலவுக்குப் பயணம்’ படத்தை அனுமதியின்றிப் படியெடுத்துத் திரையிட்டார்கள். மெலியேசுக்கு வரவேண்டிய வருமானம் பிறர் கைக்குப் போனது. தம் படைப்பைக் காக்க, காட்சிப் பின்னணியிலேயே நிறுவனத்தின் நட்சத்திரச் சின்னத்தைத் தெரியும்படி வைத்தார். 1903ஆம் ஆண்டு, அண்ணன் காஸ்டோனை நியூயார்க்குக்கு அனுப்பிக் கிளை திறந்தார்.

ஆனால், அவரால் வெல்ல முடியாத மாற்றம் ஒன்று வந்துகொண்டிருந்தது. திரைப்படம் பெருந்தொழிலாகிவிட்டது. பாத்தே போன்ற நிறுவனங்கள் வாரந்தோறும் படங்களைக் குவித்தன. மெலியேசோ, ஒவ்வொரு பின்னணியையும் தாமே வரைந்து, தாமே நடித்து, தாமே படச்சுருளை ஒட்டிக்கொண்டிருந்தார். தாம் ஒரு தனிப் படைப்பாளர். ஆலை முதலாளி அல்லர் என்பதே அவருடைய நிலைப்பாடு. மக்களின் சுவையும் மாறியது. வெளிப்புறங்களில் எடுத்த, விறுவிறுப்பான கதைகளை அவர்கள் விரும்பினர். மெலியேஸின் படங்கள் நாடக மேடையை விட்டு அதிகம் நகரவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1911ஆம் ஆண்டில் வீட்டையும் படப்பிடிப்புக் கூடத்தையும் ஈடாக வைத்துப் பாத்தே நிறுவனத்திடம் கடன் வாங்கினார். அடுத்த ஆண்டு, பனி அரக்கன் ஒருவன் மனிதர்களை விழுங்கும் துருவப் பயணப் படத்தை எடுத்தார். அது ஓடவில்லை. 1913ஆம் ஆண்டில் மனைவி யூஜெனி காலமானார். அத்தோடு படம் எடுப்பதும் நின்றது. அதுவரை அவர் 500க்கும் மேற்பட்ட படங்களை எடுத்திருந்தார்.

முதல் உலகப்போர் மிச்சமிருந்ததையும் பறித்தது. அவருடைய படச்சுருள்கள் பலவற்றை இராணுவம் எடுத்துக்கொண்டது. அவற்றிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். எஞ்சிய செல்லுலாய்டு, வீரர்களின் காலணிகளுக்குக் குதி செய்யப் பயன்பட்டது. காலணித் தொழிலை விட்டு விலகி வந்தவரின் கனவுகள் இப்படிக் காலணியாகவே முடிந்தன. 1923ஆம் ஆண்டில் சாலையை நீட்டிப்பதற்காக ரொபேர் ஊதான் அரங்கு இடிக்கப்பட்டது. அதே ஆண்டு மோந்த்ரோய் சொத்தும் கைவிட்டுப் போனது. வைத்துக்கொள்ள இடமில்லாத நிலையில், கோபமும் துயரமும் மேலிட, தம்மிடமிருந்த மூலச்சுருள்களைத் தாமே தீயிட்டு எரித்தார்.

1925ஆம் ஆண்டு, தம் படங்களில் நடித்த ஜெஹான் தால்சியை மணந்தார். ஜெஹானுக்கு மோன்பர்னாஸ் இரயில் நிலையத்தில் பொம்மைகளும் இனிப்புகளும் விற்கும் சிறு கடை இருந்தது. கணவனும் மனைவியும் அந்தக் கடையிலேயே நாள் முழுவதும் அமர்ந்திருந்தனர். பொம்மை வாங்கிப்போன குழந்தைகளுக்கு அந்த முதியவர் யாரென்று தெரியாது. அவர் இறந்துவிட்டார் என்றே திரைத்துறையில் பலர் எண்ணியிருந்தார்கள். அவ்வழியே சென்ற திரைப்பட இதழாசிரியர் ஒருவர்தான் அவரை அடையாளம் கண்டுகொண்டார். தேடுதல் தொடங்கியது. எரிந்துபோனவை மூலச்சுருள்கள்தாம்; விற்கப்பட்ட படிகள் ஆங்காங்கே பிழைத்திருந்தன. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிசின் பிளேயெல் அரங்கில் அவரைச் சிறப்பித்து விழா எடுத்து, கிடைத்த படங்களைத் திரையிட்டார்கள். 1931ஆம் ஆண்டில் பிரான்சின் உயரிய விருதான லெஜியோன் தொனர் அவருக்குக் கிடைத்தது. அதை அணிவித்தவர் லூயி லூமியேர். அன்று கருவியை விற்க மறுத்த அந்துவானின் மகன்.

விருது கடன்களை அடைக்கவில்லை. 1932ஆம் ஆண்டில் திரைத்துறையினருக்கான முதியோர் இல்லத்தில் மனைவியுடனும் பேத்தி மதலேனுடனும் குடியேறினார். இல்லம் ஓர்லி என்ற ஊரில் இருந்தது. ஆன்றி லாங்லுவா என்ற இளைஞர் தம் நண்பர்களுடன் பழைய படங்களைச் சேகரித்து, அவற்றை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். இல்லத்தின் வளாகத்தில் இருந்த ஒரு கட்டடம் கிடைத்தது. அதன் சாவி மெலியேசிடம் ஒப்படைக்கப்பட்டது. தம் படங்களை எரித்தவர் பிறர் படங்களுக்குக் காவலரானார். 1938ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், தம் 76ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்த பின்னும் அந்தக் கைவேலையின் அழகைத் திரும்பப் படைக்க முயன்றோர் உண்டு. செக் நாட்டு இயக்குநர் கரேல் ஸெமன், பழைய நூல்களில் உள்ள செதுக்கோவியங்களைப்போல் கோடுகள் தீட்டிய பின்னணிகளில் நடிகர்களை உலவவிட்டு 1958ஆம் ஆண்டில் ஒரு படம் எடுத்தார். மார்ட்டின் ஸ்கோர்செசி 2011ஆம் ஆண்டில் தம் ‘ஹ்யூகோ’ படத்துக்காக அந்தக் கண்ணாடிக் கூடத்தையே மீண்டும் எழுப்பினார்.

மெலியேஸின் படங்களில் சுமார் 200 இன்று கிடைக்கின்றன. ‘நிலவுக்குப் பயணம்’ படத்தின் வண்ணப்படி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1993ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் ஒரு படி வெளிப்பட்டது. சுருள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக் கட்டையைப்போல் இருந்தது. அதை மெல்ல மெல்ல உரித்துப் பிரித்தெடுத்து, சிதைந்த இடங்களைக் கறுப்பு வெள்ளைப் படிகளின் உதவியோடு கணினியில் நிரப்பினார்கள். 2011ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், கையால் தீட்டிய வண்ணங்களோடு அந்த நிலவு மீண்டும் திரைக்கு வந்தது.