கைக்குச் சிக்காத ஃப்ளூரின்... விடாமல் துரத்திப் பிடித்த மொய்சான்!

நகைக்கடை விளம்பரங்களில் இப்போ அடிக்கடி கண்ணில் படும் பெயர், மொய்சனைட். வைரம் மாதிரியே ஜொலிக்கும், விலையோ ரொம்பக் குறைவு. அந்தக் கல்லுக்குள் ஒரு மனிதரின் பெயர் ஒளிந்திருக்கு. அவர்தான் ஹென்றி மொய்சான்.

1852 செப்டம்பர் 28-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வே கம்பெனியில் வேலை. பெரிய வசதி கிடையாது. இளவயதில் கடிகாரத் தொழில் பழகினார். பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான சான்றிதழ் இல்லாமலேயே 1870-ல் பள்ளியை விட்டார். அடுத்து, பாரிஸில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அங்கே, ஆர்செனிக் விஷத்தால் உயிருக்குப் போராடிய ஒருவரைக் காப்பாற்றியிருக்கார். வேதியியல் மேல் இருந்த ஆசை விடவில்லை. விட்ட படிப்பைத் தொடர்ந்து, 1880-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். 1882-ல் லியோனியுடன் கல்யாணம். ஆராய்ச்சிக்கு மாமனாரின் ஆதரவும் கிடைத்தது.

அந்தக் காலத்தில் வேதியியலாளர்களுக்குத் தண்ணி காட்டிய ஒரு தனிமம் இருந்தது. அதுதான் ஃப்ளூரின். கனிமங்களில் உப்பாக இருக்கு என்று தெரியும், ஆனால் தனியாகப் பிரிக்க முடியாது. கண்ணாடியை அரிக்கும், பெரும்பாலான உலோகங்களோடு வினைபுரியும். பிறகு எந்தப் பாத்திரத்தில் பிடிப்பது? அதன் அமிலத்தோடு மல்லுக்கட்டியதில் பெல்ஜியத்தின் லூயெட், பிரான்ஸின் நிக்லெஸ் இருவரும் உயிரையே விட்டார்கள். மொய்சானும் விஷவாயுவால் பாதிக்கப்பட்டு, பலமுறை வேலையை நிறுத்த வேண்டியதாச்சு. வீட்டில் 1885-ல் பிறந்த கைக்குழந்தை வேறு. ஆனாலும் மனுஷன் விடவில்லை.

சிக்கல் இதுதான். ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் தண்ணீர் இருந்தால் ஃப்ளூரின் கிடைக்காது. தண்ணீரே இல்லாவிட்டால் மின்சாரம் பாயாது. மொய்சான் அதில் பொட்டாசியம் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உப்பைக் கரைத்தார். 'U' வடிவ பிளாட்டினக் குழாய், பிளாட்டினம்-இரிடியம் மின்முனைகள், ஃப்ளூரைட் கல்லில் செய்த அடைப்பான்கள். மொத்தத்தையும் மைனஸ் 50 டிகிரி வரை குளிரவைத்தார். 1886 ஜூன் 26-ல் வெளியே வந்த வாயுவில் சிலிக்கானைக் காட்டியதும், குப்பென்று தீப்பிடித்தது. ஃப்ளூரின்!

அதன்பிறகு நடந்ததுதான் கூத்து. சரிபார்க்க அறிஞர்கள் குழு வந்தபோது கருவி வேலையே செய்யவில்லை. காரணம், அவர்களுக்காக அமிலத்தைக் கூடுதலாகச் சுத்தம் செய்திருந்தார். மின்சாரம் பாய உதவும் உப்பும் அதோடு போய்விட்டது. உப்பைத் திரும்பச் சேர்த்ததும் வாயு வந்தது, குழுவும் ஏற்றுக்கொண்டது.

பிறகு 3,500 டிகிரி வரை எட்டும் மின் உலையை உருவாக்கினார். 1893-ல் அரிசோனா விண்கல்லில் மினுமினுத்த துகள்களை முதலில் வைரம் என்றே நினைத்தார். அது சிலிக்கான் கார்பைடு எனப் பிறகு தெளிவானது. அதற்குத்தான் 1905-ல் மொய்சனைட் என்று பெயர் வைத்தார்கள். இயற்கையில் அது ரொம்ப அபூர்வம். இன்று விற்பனைக்கு வருவதெல்லாம் ஆய்வகத்தில் வளர்த்தவை.

ஃப்ளூரைடுகளின் கதை இன்னும் நீள்கிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை 10 நானோமீட்டர் கட்டிகளாக்கினால், 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். பரப்பு கூடினால் வினை நடக்கும் இடமும் கூடும். பெர்லின் ஆய்வாளர்கள் உலோக ஆல்காக்ஸைடைக் கரைப்பானில் கரைத்து, ஹைட்ரஜன் ஃப்ளூரைடு சேர்த்து ஜெல்லாக்கி, அதிலிருந்து இப்படி நுண்ணிய அலுமினியம் ஃப்ளூரைடு எடுத்தார்கள். அது வீரியமான வினையூக்கி. மொய்சானை மிரட்டிய அதே அமிலம், இங்கே சொன்னபடி கேட்கிறது!

1906-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு மொய்சானுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு பரிந்துரைக்கப்பட்டவர்களில் தனிம அட்டவணை தந்த மெண்டலீவும் ஒருவர். 1907 பிப்ரவரி 2-ல் மெண்டலீவ் மறைந்தார். அதே மாதம் 20-ம் தேதி, குடல்வால் அழற்சியால் மொய்சானும் போய்ச் சேர்ந்தார். வயது 54. ஒரே மகன் லூயி, 1914-ல் முதல் உலகப்போரில் பலியானார்.

வாரிசு இல்லாமல்போன அந்தப் பெயரைத்தான், இன்று யார் யாரோ விரலில் மோதிரமாகப் போட்டிருக்கிறார்கள்.