சாரணர் படைக்கும் மாணவர் படைக்கும் வித்திட்ட குன்ஸ்ரு

புது தில்லி: தமிழக அரசியல் வரலாற்றை அறிந்தவர்களுக்கு ஹிருதயநாத் குன்ஸ்ரு என்ற பெயர் 1955-ஆம் ஆண்டை நினைவூட்டும். கன்னியாகுமரிப் பகுதித் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கவும், தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைக் கேரளத்துக்கே விடவும் பரிந்துரைத்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் அவரும் ஒருவர். ஆணையப் பணி இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. சிறுவர்களையும் இளைஞர்களையும் செயல்வழியே உருவாக்கும் அமைப்புகளுக்காக அவர் உழைத்ததோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

1887-இல் ஆக்ராவில், காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தில் பிறந்த குன்ஸ்ரு, 1909-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் ஹரித்வார் கும்பமேளாவுக்குச் சங்கம் அனுப்பிய தொண்டர் படைக்கு அவரே தலைவர். தென்னாப்பிரிக்காவின் ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து வந்திருந்த இளைஞர்களுடன் காந்திஜியும் அங்கு சென்று உதவினார். கழிப்பிடக் குழிகளை மண் போட்டு மூடித் துப்புரவு செய்யும் பணியை அந்த இளைஞர்கள் ஏற்றனர்.

இந்தியாவில் 1909-இல் தொடங்கிய சாரணர் இயக்கத்தில் அப்போது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்காகச் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் தனிச் சங்கம் கண்டார். வடக்கே மதன்மோகன் மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் 1918-இல் சேவா சமிதி சாரணர் சங்கத்தை நிறுவினர்.

1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது இணைப்பு முயற்சிகள் நடந்தன. அன்னி பெசன்ட்டின் சங்கம் இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் தெரிவிக்கும் உறுதிமொழியே தடையாக நின்றது. கூடாரம் அடிப்பதும், முடிச்சுப் போடுவதும், முதலுதவி செய்வதும் இரு தரப்புக்கும் பொது. அந்தத் திறமைகளை ஓர் இந்தியச் சிறுவன் யாருக்காகக் கற்கிறான் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காண மேலும் 29 ஆண்டுகள் ஆயின. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1950 நவம்பர் 7-ஆம் தேதி இரு தரப்புச் சாரணர்களும் இணைந்து பாரத சாரணர் அமைப்பு உருவாயிற்று. அதன் முதல் தேசிய ஆணையர் குன்ஸ்ரு. அடுத்த ஆண்டு சாரணியரும் அதில் இணைந்தனர்.

ராணுவத்தை இந்தியமயமாக்க வேண்டும் என்று அன்றைய சட்டசபைகளில் இடைவிடாது வாதாடியவர் குன்ஸ்ரு. பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலேயர் அளித்த ராணுவப் பயிற்சி சிலருக்கு மட்டுமே எட்டியது. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான தேசிய அமைப்பு பற்றி ஆராய 1946-இல் அமைக்கப்பட்ட குழுவுக்கு அவரே தலைவரானார். கல்லூரிக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, மாணவியருக்கு ஒன்று என மூன்று பிரிவுகளை 1947 மார்ச் மாத அறிக்கை பரிந்துரைத்தது. 1948 ஏப்ரலில் சட்டம் நிறைவேறி, ஜூலையில் தேசிய மாணவர் படை பிறந்தது.

திட்டங்கள் பெருகியபோது அவற்றிடையே போட்டியும் பெருகியது. உடற்பயிற்சி, ஒழுங்குப் பயிற்சி, சாரணியம் எனத் தனித்தனியே மாணவர்களின் நேரத்தைப் பங்கிடும் நிலையை ஆராய 1959-இல் அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த ஒரே திட்டம் வேண்டும் என்பதே அக்குழுவின் முடிவு. இளைஞர் நலனின் பெயரால் புதிய திட்டங்கள் அறிவிக்கப்படும் போதெல்லாம் நினைவுகூரத் தக்க முடிவு இது.

1918-இல் காங்கிரஸை விட்டு விலகி மிதவாதிகளுடன் சேர்ந்த குன்ஸ்ரு, பின்னர் அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் 1962 வரை மாநிலங்களவையிலும் பணியாற்றினார். நேரு அரசுடன் பல சட்டங்களில் மாறுபட்டார். எனினும், இளைஞர் அமைப்புகள் விஷயத்தில் அவருடைய உழைப்பை அரசும் நாடியது, அவரும் மறுக்கவில்லை. எந்தக் கட்சிக்கும் அந்த அமைப்புகளை அவர் ஆள் சேர்க்கும் களமாக்கவில்லை.

1968-இல் பாரத ரத்னா விருது தேடி வந்தபோது குன்ஸ்ரு ஏற்கவில்லை. குடியரசில் இத்தகைய பட்டங்கள் கூடாது என்று அரசியல் நிர்ணய சபையில் கொண்ட நிலையை, தம் பெயர் வந்தபோதும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1978 ஏப்ரல் 3-ஆம் தேதி, பிறந்த ஊரான ஆக்ராவிலேயே 90-ஆம் வயதில் காலமானார்.