விருந்துக்கு வந்தவர்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால், இரவுச் சாப்பாட்டுக்குப் போன ஒருவர், அங்கேயே மூன்றரை ஆண்டுகள் தங்கிவிட்டார். அதுவும் யார் வீட்டில்? அமெரிக்க அதிபர் வசிக்கும் வெள்ளை மாளிகையில்!

அவர் பெயர் ஹாரி ஹாப்கின்ஸ்.

1940 மே 10. ஹிட்லரின் படைகள் ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் புகுந்த நாள். அன்றிரவு அதிபர் ரூஸ்வெல்ட்டுடன் சாப்பிட வந்திருந்தார் ஹாப்கின்ஸ். அவருடைய முகம் வாடியிருப்பதைப் பார்த்த ரூஸ்வெல்ட், இரவு இங்கேயே படுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாற்று உடை கிடையாது, இரவல் பைஜாமாதான். அவருக்குக் கிடைத்தது, ஒரு காலத்தில் ஆபிரகாம் லிங்கன் வேலை பார்த்த அறை. அங்கிருந்தபடியே, உலகப்போரில் அமெரிக்கா யாருக்கு உதவுவது, எப்படி உதவுவது என்ற பெரிய முடிவுகளில் பங்கெடுத்தார்.

இத்தனைக்கும் அவர் ராஜதந்திரம் படித்தவரும் இல்லை, ராணுவத் தளபதியும் இல்லை. 1890இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், குதிரைச் சேணம் செய்து விற்பவரின் மகனாகப் பிறந்தவர். கிரின்னெல் என்ற சிற்றூரில் கல்லூரிப் படிப்பை முடித்ததும், 1912இல் நியூயார்க்கில் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் பகுதிக்குச் சமூக சேவை செய்யப் போனார். வீடு வீடாக ஏறி இறங்கி, என்ன குறை, என்ன தேவை என்று கேட்பதுதான் வேலை.

பின்னர் நாட்டில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. லட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். 1933இல் அதிபரான ரூஸ்வெல்ட், நிவாரணப் பணியை ஹாப்கின்ஸிடம் கொடுத்தார். அவருக்கு அறைகூட ஒதுக்கவில்லை. நடைவழியில் மேஜையைப் போட்டு உட்கார்ந்தவர், முதல் இரண்டு மணி நேரத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டார்! பணத்தை வீசி எறிகிறார் என்று பத்திரிகைகள் திட்டின. பசிக்கிறவன் நாளை வரை காத்திருக்க மாட்டான் என்பது அவர் கட்சி.

1937இல் இரட்டை இடி. அவருடைய மனைவி புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டில் அவருக்கும் வயிற்றில் புற்றுநோய். மருத்துவர்கள் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பிறகு, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. மருந்துப் பையோடுதான் நடமாட்டம்.

இந்த மனிதரைத்தான் 1941 ஜனவரியில் லண்டனுக்கு அனுப்பினார் ரூஸ்வெல்ட். ஹாப்கின்ஸ் அப்போது அமைச்சர் பதவியையும் விட்டிருந்தார். லண்டனில் இரவெல்லாம் குண்டுமழை. பிரிட்டன் தாக்குப்பிடிக்குமா, உதவி செய்தால் அது வீணாகுமா? அமெரிக்காவில் பலருக்கும் சந்தேகம். நேரில் பார்த்துச் சொல்லத்தான் இந்தப் பயணம்.

பிரதமர் சர்ச்சில் அவரைப் போர்க் கப்பல்களுக்கும் குண்டு விழுந்த ஊர்களுக்கும் அழைத்துப் போனார். சர்ச்சிலின் கிராமத்து மாளிகையில் குளிர் தாங்காமல், ஹாப்கின்ஸ் வீட்டுக்குள்ளேயே ஓவர்கோட்டோடு திரிந்தாராம்! நீட்டி முழக்காமல், என்ன வேண்டும் என்று மட்டும் கேட்பவர் என்பதால், சர்ச்சிலுக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. இரண்டு வாரம் என்று போனவர், சுமார் ஒரு மாதம் தங்கிவிட்டார். பிரிட்டன் பணியாது, உடனே உதவுங்கள் என்று அதிபருக்கு எழுதினார்.

பக்கத்து வீடு தீப்பற்றினால், நம் வீட்டு ரப்பர் குழாயைக் காசு வாங்கிக்கொண்டா கொடுப்போம்? ரூஸ்வெல்ட் தம் மக்களுக்கு இப்படித்தான் விளக்கினார். ஆயுதங்களை இரவலாகக் கொடுக்க வழிசெய்யும் கடன்-குத்தகைச் சட்டம் 1941 மார்ச்சில் நிறைவேறியது. அதை நடத்தும் பொறுப்பு ஹாப்கின்ஸிடம் வந்தது. போர் முடிவதற்குள் சுமார் 5,000 கோடி டாலர் மதிப்புள்ள பொருட்கள் பல நாடுகளுக்குப் போயின.

அந்த ஜூன் 22இல் ஹிட்லர் ரஷ்யாவைத் தாக்கினார். சில வாரங்களில் ரஷ்யா விழுந்துவிடும் என்று ராணுவ நிபுணர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். அப்போது மீண்டும் லண்டனில் இருந்த ஹாப்கின்ஸ், நான் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். ஸ்காட்லாந்திலிருந்து வடதுருவப் பக்கமாக, கடல் விமானத்தில் 20 மணி நேரத்துக்கும் மேலான பயணம். உள்ளே கடுங்குளிர். வால் பகுதியில், துப்பாக்கி வீரர் உட்காரும் கண்ணாடிக் கூண்டிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வந்தார் இந்த நோயாளி!

மாஸ்கோவில் ஸ்டாலினிடமும் அதே கேள்விதான்: என்ன வேண்டும்? விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் வேண்டும், அலுமினியம் வேண்டும் என்றார் ஸ்டாலின். அலுமினியம் எதற்கு? விமானம் கட்ட. விமானம் கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அடுத்த வாரம் தோற்கப்போகிறவர் அலுமினியம் கேட்பாரா? ரஷ்யா நின்று போராடும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார் ஹாப்கின்ஸ். அது பலித்தது. சுமார் 4 லட்சம் லாரிகளும் ஜீப்புகளும் பின்னாளில் அமெரிக்காவிலிருந்து ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

திரும்பும்போதுதான் தெரிந்தது, மருந்துப் பையை மாஸ்கோவிலேயே மறந்துவிட்டார் என்பது! எதிர்க்காற்றில் சுமார் 24 மணி நேரம் பறந்து, கொந்தளிக்கும் கடலில் இறங்கியது விமானம். அங்கிருந்து படகுக்குத் தாவியாக வேண்டும். தாவினார், மாலுமிகள் பிடித்து இழுத்துப்போட்டார்கள். அடுத்த சில நாட்களில், ரூஸ்வெல்ட்டைச் சந்திக்கப் புறப்பட்ட சர்ச்சிலோடு போர்க்கப்பலில் ஏறிவிட்டார். அப்போது அவர் தலையில் இருந்த தொப்பி சர்ச்சில் கொடுத்தது. அவருடையதுதான் தொலைந்துபோயிற்றே!

இப்படிப்பட்டவரை ஏன் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று, தேர்தலில் தம்மிடம் தோற்ற வில்கி கேட்டபோது ரூஸ்வெல்ட் சொன்னாராம்: இந்த அறைக்குள் வருகிற எல்லோருக்கும் என்னிடமிருந்து ஏதாவது வேண்டும், அவருக்கு மட்டும் எதுவும் வேண்டாம் என்று.

போர் அவர் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. 1944 பிப்ரவரியில், கடைசி மகன் ஸ்டீபன் பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளில் நடந்த சண்டையில் இறந்தான். வயது 18. ஆறுதலாக, ஷேக்ஸ்பியரின் வரிகளை எழுதி அனுப்பினார் சர்ச்சில்.

1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தார். புதிய அதிபர் ட்ரூமன், படுக்கையில் கிடந்த ஹாப்கின்ஸை மே மாதம் மறுபடி மாஸ்கோவுக்கு அனுப்பினார். ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு விஷயத்தைப் பேசுவதையே வல்லரசுகள் தடுக்கலாமா என்ற தகராறு அப்போது முற்றியிருந்தது. ஸ்டாலினிடம் பேசி அதைத் தீர்த்துவைத்தார். ஆனால், போலந்து விஷயத்தில் கிடைத்தது அரைகுறைச் சமரசம்தான். அங்கே சுதந்திரமான தேர்தல் நடக்கவே இல்லை. ஸ்டாலினை அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்று அவர்மீது இன்றும் குறை சொல்கிறார்கள். போலந்து மக்களின் பக்கமிருந்து பார்த்தால், அந்தக் குறையை ஒதுக்கிவிட முடியாது. படைகளோடு அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் ஸ்டாலின் என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தப் பயணத்துக்குப் பிறகு அரசுப் பணியிலிருந்து விலகினார். செப்டம்பரில் ட்ரூமன் அவருக்குப் பதக்கம் அணிவித்தார். 1946 ஜனவரி 29 அன்று, 55 வயதில் நியூயார்க்கில் காலமானார். அவருடைய அஸ்தி, அவர் படித்த கிரின்னெல் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.